கருவியும் கையும்

கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதியிலே தூண்டில் ரீலைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நண்பர் சிலர் நகைத்தல் கூடும். இலக்கியம் பயில்வான் ஒருவன் நெய்தற்றிணையின் உள்ளுறையை ஆராய்வதை விடுத்துக் கடைத்தெருவில் விற்கும் சாமான் ஒன்றை ஆராய்வானேன் என்று வினவுதலும் கூடும். அவர்க்கெல்லாம் யான் கூறும் விடை ஒன்றே. நெய்தற்றிணை எனக்கு ஏட்டளவில் நிற்பதன்று. தூத்துக்குடிக்குத் தெற்கேயுள்ள எங்கள் ஊரில் அஃது என் வீட்டு வாயிலிலேயே கிடக்கின்றது. சங்கப் பாடல்களிலே வலையும் தூண்டிலும் பலவிடத்து வருகின்றன. ரீல் ஓரிடத்தும் வருவதில்லை. ஆயினும் சென்ற ஆண்டு அவ்வொரு கருவியைத் தேர்ந்து வாங்கும் பொறுப்பு என்பாற்பட்டது. அதனாற் பெற்ற சிற்றறிவு பிறர்க்கும் பயன்படலாம் என்னும் எண்ணத்தால் இதனை எழுதலானேன்.

என் தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கைத்தூண்டில் தொழில் செய்தவர். கைத்தூண்டிலுக்குக் கோலும் இல்லை, ரீலும் இல்லை. தங்கூசி நரம்பின் ஒரு முனையில் முள்ளும் ஈயக்குண்டும் இருக்கும். மறுபுறம் மீனவன் விரலில் இருக்கும். கடலின் அடியில் இரையைத் தீண்டுவது விளமீனா, களவாவா, வெறும் நண்டா என்பதை நரம்பின் துடிப்பு விரலுக்கு உரைக்கும். விரல் அறிந்தவுடன் இரு கைகளும் மாறி மாறி நரம்பை இழுக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நாள் நங்கூரக் கயிறு அவருடைய வலக்கையைச் சுற்றிக் கொண்டது. உயிர் தப்பியது, ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போயின. எஞ்சியவை பெருவிரலும் கடைசி இரு விரல்களுமே. அக்கையினால் ஈர நரம்பைப் பற்றி இழுத்தல் இயலாதாயிற்று.

அதன்பின் அவர் கடற்கரைக்குச் செல்வதையே விட்டார். அண்டை வீட்டார் அன்பு மிக்கவர். வள்ளம் கரை சேர்ந்ததும் எங்களுக்கும் ஒரு பங்கு மீன் அனுப்புவர். அது குழம்பாகி இலைக்கு வரும் நாளில் தந்தையார் மோரை ஊற்றி உண்டு எழுந்துவிடுவார். அவர் ஒரு சொல்லும் சொன்னதில்லை. ஆனால் மீனைப் பிடித்த கை, மீனை இனாமாக வாங்கி உண்ண மறுக்கின்றது என்பதை அம்மாவும் யானும் அறிந்திருந்தோம். இந்நிலையிலேதான் கரையில் நின்றபடியே கோலும் ரீலும் கொண்டு மீன்பிடிக்கும் இளைஞர் சிலரைக் கண்டேன். சிறுவர்க்கு மாலையிற் பாடம் சொல்லி யான் சேர்த்த பணம் ஏழாயிரம் ரூபாய் இருந்தது. அதிற் கோலுக்கும் நரம்புக்கும் போக, ரீலுக்கென நாலாயிரத்திற்கு மேல் ஒதுக்க இயலாது. அப்பணம் ஒரு முறையே செலவாகக் கூடியது. ஆதலின் நன்கு ஆராயாமல் வாங்குதல் தகாது எனத் துணிந்தேன்.

ஆராய்வது எவ்வாறு? திருக்குறளின் தெரிந்துவினையாடல் அதிகாரம் இதற்கு வழி காட்டுகின்றது. ஒரு செயலை ஒருவனிடம் ஒப்படைக்குமுன், செய்ய வேண்டிய வினை, அதற்குரிய கருவி, செய்பவன் ஆகிய மூன்றனையும் ஒருங்கு வைத்து நோக்க வேண்டும் என்பது அங்கே பெறப்படும் கருத்து. அரசன் அமைச்சரைத் தேர்தற்குக் கூறிய முறை, மகன் தந்தைக்கு ரீல் தேர்தற்கும் பொருந்துவதாயிற்று. கடைக்காரரும் விளம்பரக்காரரும் கருவி ஒன்றையே பேசுவர். ஏனைய இரண்டையும் வாங்குவோனே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதலிற் கருவியின் வகைகளை நோக்குவோம். ரீல் என்பது நரம்பைச் சுற்றி வைக்கவும், வேண்டும்போது விடவும், மீண்டும் இழுத்துச் சுற்றவும் கோலிற் பொருத்தப்படும் உருளை. சீன நாட்டு ஓவியர் மா யுவான் 1195-ஆம் ஆண்டளவில் வரைந்த படம் ஒன்றில், குளிர்கால ஏரியிற் சிறு படகில் அமர்ந்து தூண்டிலிடும் ஒருவனைக் காண்கின்றோம். அவன் கோலில் ரீல் தெளிவாக உள்ளது. இங்கிலாந்திலே 1651-இல் வெளிவந்த தாமஸ் பார்க்கரின் தூண்டில் நூலும் இக்கருவியைக் குறிக்கின்றது. ஆகவே இது நேற்றுப் பிறந்த பொருளன்று. எனினும் இன்று கடையிற் காணும் வகைகள் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு நீர்நிலைகளின் தேவைக்காகப் பிறந்தவை. பிறந்த இடத்தை அறிந்தால் எவ்வகை எங்கே பயன்படும் என்பதும் விளங்கும்.

மிகப் பழைய வகை, கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் உருளையும் ஒரே முறை சுழல்வது. இங்கிலாந்தின் டிரெண்ட் ஆற்றங்கரையில் உள்ள நாட்டிங்காம் நகரில் இவ்வகை மரத்தினாற் செய்யப்பட்டுப் புகழ் பெற்றது. ஆற்றின் ஓட்டத்திலே தக்கையை மிதக்க விட்டு, அதன் போக்கிற்கேற்ப நரம்பை மெல்ல விடுதற்கு இதனினும் சிறந்தது அரிது. செயற்கை ஈயைக் கொண்டு டிரவுட் மீன் பிடிப்போர் பயன்படுத்தும் ஃபிளை ரீலும் இவ்வினத்ததே. ஆங்கு எறிவதற்கு ஈயக்குண்டு இல்லை. கனமான நூலே தன் கனத்தாற் பறந்து செல்லும். நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளிலே, ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீனுக்கு அது தக்கதாகலாம். அலை மோதும் எங்கள் கரைக்கு அஃது உதவாது.

இரண்டாவது வகையைப் பெய்ட்காஸ்டர் என்பர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலே, ஜார்ஜ் ஸ்னைடர் என்னும் கடிகாரத் தொழிலாளர் பல்சக்கரங்களை அமைத்து, கைப்பிடி ஒரு முறை சுற்ற உருளை பல முறை சுழலுமாறு செய்தார். அவ்வழியில் வந்தது இது. கோலின் மேற்புறத்தில் அமர்ந்திருக்கும். உருளை கோலுக்குக் குறுக்காகக் கிடக்கும். மீனின் இழுப்பு நேரே உருளையின்மேல் வருவதால் வலிமை மிகுதி. ஆனால் எறியும்போது உருளையும் உடன் சுழல்கின்றது. ஈயக்குண்டின் வேகம் குறைந்த பின்னும் உருளை அதே வேகத்திற் சுழன்றால், வெளியேற இடமின்றி நரம்பு சுருண்டு பெருஞ்சிக்காகி விடும். அதனைத் தடுக்கக் காந்தமும் வேறு தடைகளும் உள்ளே வைத்திருப்பினும், முடிவிற் காவல் செய்வது எறிவோனின் பெருவிரலே.

மூன்றாவது ஸ்பின்னிங் ரீல். இன்று நம் கடற்கரைகளில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. ஸ்காத்லாந்தின் பெர்த் நகரைச் சார்ந்த பீட்டர் மாலக் 1884-இல் உருளையைப் பக்கவாட்டில் திருப்பி எறியும் ரீல் ஒன்றிற்கு உரிமை பெற்றார். அக்கருத்தினை முழுமையாக்கியவர், நெசவாலைத் தொழிலைச் சார்ந்த ஆல்பிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த். அவர் 1905-இல் உரிமை பெற்ற ரீலில் எறியும்போது உருளை சுழல்வதே இல்லை. அது கோலின் போக்கிலே நிலையாக நிற்க, நரம்பு மட்டும் அதன் விளிம்பின் வழியே கழன்று ஓடும். குண்டு நின்றால் நரம்பும் நிற்கும். திரும்பச் சுற்றும்போது மேலேயுள்ள வளைகம்பி உருளையைச் சுற்றிவந்து நரம்பைச் சுற்றும். குறையும் இதற்கு உண்டு: நரம்பு நாளடைவில் முறுக்கேறும், மிகப் பெரிய மீனின் இழுப்பிற்குப் பெய்ட்காஸ்டர் போல எளிதில் ஈடுகொடாது.

இல்லிங்வொர்த் ஆலையின் நூற்சுருளைக் கண்டு இக்கருத்தைப் பெற்றார் என்பர். இதனை யான் வீட்டிற் படித்துச் சொன்னபோது, மணமாகுமுன் நூற்பாலையிற் பணி செய்த என் தாயார் உடனே, “இது எங்கள் கோன் அல்லவா? கோன் அசையாமல் நிற்கும். நூல்தான் தலைவழியே கழன்று வரும். கோனே சுற்றினால் நூல் அறுந்து போகும்” என்றார். பிறகு தந்தையாரை நோக்கி, “நீங்கள் இதையே வாங்கிக் கொள்ளுங்கள், எனக்குத் தெரிந்த பொருள்” என்று கூறி நகைத்தார். பல நாட்களுக்குப் பின் தந்தையாரும் நகைத்தது அன்றேயாம்.

இன்னும் ஒரு வகை உண்டு. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்திலே, எண்ணெய்க் கிணறுகளில் வெடிக்கும் குண்டுகள் செய்துவந்த ஜீரோ ஹவர் பாம் கம்பெனி 1949-இல் ஒரு மூடிய ரீலை வெளியிட்டது. அந்நிறுவனமே பின்னர் ஜெப்கோ எனப் பெயர் பெற்றது. ஒரு பொத்தானைப் பெருவிரலால் அழுத்தி விட்டால் நரம்பு முன்புறத் துளை வழியே செல்லும். சிறுவரும் ஒரு நாளிற் கற்கலாம். குளத்திற்கும் கால்வாய்க்கும் ஏற்றது. ஆனால் எறியும் தூரமும் குறைவு, கொள்ளும் நரம்பும் குறைவு. மூடியின் உள்ளே உப்புநீர் புகுந்து தங்குமாயின் துருப்பிடித்தல் எளிது.

இனி வினையை நோக்குவோம். தந்தையார் நிற்க வேண்டிய இடம் கற்பாறைகள் கலந்த கரை. ஆங்குப் பாறை மீன், விளமீன், களவா ஆகியன கிடைக்கும். ஏறத்தாழ அறுபது கிராம் குண்டினை ஐம்பது அறுபது மீட்டர் தூரம் எறிதல் வேண்டும். அறுந்தும் ஓடியும் போவதற்கு இடம்விட்டு, இருநூறு மீட்டர் நரம்பு கொள்ளும் உருளை போதும். காற்றையும் கருத வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குச் செல்லும். எறிந்த குண்டிற்கு அது துணை. கொண்டல் வீசும்போதோ காற்று முகத்தில் மோதும். பறக்கும் குண்டு இடையிலேயே வேகம் குன்றும். சுழலும் உருளையுடைய ரீல் சிக்குவது இத்தகைய காற்றிலேதான். எங்கள் தெருவினர் ஒருவர் அன்புடன் இரவல் தந்த பெய்ட்காஸ்டரைத் தந்தையார் கொண்டற் காற்றில் மும்முறை எறிந்து பார்த்தார். மூன்று முறையும் சிக்கு. அச்சிக்கை அவிழ்க்கத் தேவையான விரல்கள் எவையோ, அவையே அவர்க்கு இல்லை. இதனால் அக்கருவி தாழ்ந்தது என்று யான் கூறவில்லை. தேர்ந்த கைகளில் அஃது எறியும் அழகை யான் கண்டிருக்கின்றேன். எங்கள் வினைக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவே.

மூன்றாவதாகச் செய்பவனை நோக்க வேண்டும். உண்மையில் தேர்வு முழுவதும் இங்கேயே முடிவாயிற்று. நீண்ட கோலை எறியும்போது மேற்கை ரீலின் அருகில் இருந்து நரம்பை ஆட்காட்டி விரலாற் பிடித்து, தக்க கணத்தில் விடும். கீழ்க்கை கோலின் அடியைப் பற்றித் தன்பால் இழுக்கும். தந்தையாரின் இடக்கையில் ஐந்து விரலும் உள. ஆதலின் இடக்கை மேற்கையாதல் வேண்டும். வலக்கையில் எஞ்சிய விரல்கள் கோலின் அடியை இழுத்தற்குப் போதியவை. எறிந்த பின் கைப்பிடியைச் சுற்றுவதும் அவ்வலக்கையே. ஸ்பின்னிங் ரீலின் கைப்பிடியைக் கழற்றி, இடப்புறமோ வலப்புறமோ வேண்டியவாறு மாட்டிக் கொள்ளலாம். பெய்ட்காஸ்டரில் அவ்வாறு மாற்ற இயலாது. எப்புறத்துக்குச் செய்யப்பட்டதோ அப்புறத்துக்கே உரியது.

தந்தையார்க்கு ஓர் ஐயம் மட்டும் எஞ்சி நின்றது. “ஐயா, கைத்தூண்டிலில் நரம்பு என்னோடு பேசும். இந்தப் பொறி நடுவில் வந்தால் எனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். யான் விடை தேட வேண்டியிருக்கவில்லை. ஸ்பின்னிங் ரீல் கோலின் கீழ்ப்புறம் தொங்குவதால், எறிந்த பின் நரம்பு இடக்கை ஆட்காட்டி விரலுக்கு எட்டும் இடத்திலேயே செல்கின்றது. காத்திருக்கும் நேரமெல்லாம் அவ்விரலை நரம்பின்மேல் வைத்திருக்கலாம். கோலைக் கையிற் கொடுத்து இதனைக் காட்டியதும் அவர் நெடுநேரம் அவ்விரலையே நோக்கிக் கொண்டிருந்தார்.

வகை முடிவாகியும், அவ்வகையுள் எதனை வாங்குவது என்னும் வினா இருந்தது. தூத்துக்குடியிற் கடை ஒன்றிற்கு அவரையும் உடன் அழைத்துச் சென்றேன். கடைக்காரர் இரண்டு ரீல்களை மேசைமேல் வைத்தார். ஒன்று பொன்னிறமாக மின்னியது. பத்துப் பேரிங் உடையது. விலை மூவாயிரத்து அறுநூறு. மற்றொன்று கருநிறம், பேரிங் நான்கு, விலை இரண்டாயிரத்து எண்ணூறு. பேரிங்கின் எண்ணிக்கையைக் கொண்டு ரீலை மதித்தல், பக்க எண்ணிக்கையைக் கொண்டு நூலை மதித்தல் போன்றது. உப்புநீர் புகாவண்ணம் காக்கப்பட்ட நல்ல பேரிங் சில, காவலற்ற மலிவான பலவற்றினும் நெடுங்காலம் உழைக்கும்.

அடுத்து நோக்க வேண்டியது கியர் விகிதம். பொன்னிற ரீலில் அது 6.2-க்கு 1, கருநிற ரீலில் 4.7-க்கு 1. கைப்பிடி ஒரு சுற்றுச் சுற்றினால் வளைகம்பி முறையே 6.2 சுற்றும் 4.7 சுற்றும் வரும் என்பது பொருள். இரண்டிலும் நரம்பு நிறைந்த உருளையின் விட்டம் ஐந்து சென்டிமீட்டர் எனின், சுற்றளவு ஏறத்தாழ 15.7 சென்டிமீட்டர். ஆகவே ஒரு சுற்றுக்கு முன்னது 97 சென்டிமீட்டரும் பின்னது 74 சென்டிமீட்டரும் நரம்பை இழுக்கும். விரைவு வேண்டுவோர்க்கு முன்னது நன்று. ஆனால் விரைவு இலவசமாகக் கிடைப்பதன்று. மீனின் கனம் வரும்போது அதே அளவு மிகுதியான வலிமையைக் கையினின்று அது கேட்கும். மூன்று விரற் கைக்கு விரைவினும் எளிமையே தேவை.

கடைக்காரர் பொறுமை மிக்கவர். யான் வேண்டியவாறு, ஒன்றரை லிட்டர் நீர் நிறைந்த புட்டியை நரம்பின் முனையிற் கட்டித் தரையில் வைத்தார். தந்தையார் கோலைப் பிடித்துச் சுற்றினார். பொன்னிற ரீலின் கைப்பிடி முனை தட்டையாகவும் சிறிதாகவும் இருந்தது. அதனைப் பற்ற ஆட்காட்டி விரல் வேண்டும். இரண்டு சுற்றில் அது கையினின்று நழுவியது. கருநிற ரீலின் முனையோ சிறு எலுமிச்சை அளவு உருண்டை. பெருவிரலும் கடைசி இரு விரலும் உள்ளங்கையும் சேர்ந்து அதனை அணைத்துக் கொண்டன. புட்டி தரையில் ஊர்ந்து வந்து அவர் காலடியில் நின்றது. “இது என் கையைக் கேட்டுச் சுற்றுகிறது” என்றார். விலைச்சீட்டில் எங்கும் எழுதப்படாத அவ்வுருண்டை முனையே எங்கள் தேர்வை முடித்தது.

வாங்கிய பின் செய்ய வேண்டியனவும் சில உள. டிராக் என்னும் தடையை, நரம்பு தாங்கும் கனத்தில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு அளவில் நழுவி விடுமாறு அமைத்தல் வேண்டும். எட்டுக் கிலோ தாங்கும் நரம்பாயின் இரண்டு முதல் இரண்டரைக் கிலோ இழுப்பில் அது வழிவிடுதல் நன்று. இன்றேல் மீன் பாயும் வேகத்தில் நரம்பு அறும். கரையினின்று திரும்பியதும் நன்னீரை மெல்லத் தெளித்துக் கழுவித் துடைத்தல் வேண்டும். நீரைப் பீய்ச்சி அடித்தால் உப்பே உட்புகும். பின்னர் டிராக் திருகைத் தளர்த்தி வைத்தால் உள்ளிருக்கும் வட்டுகள் நசுங்காமல் இருக்கும். இவற்றையெல்லாம் தந்தையார் நாள்தோறும் தவறாது செய்து வருகின்றார். தம் வள்ளத்தின் கயிறுகளைப் பேணியது போலவே அச்சிறு பொறியையும் பேணுகின்றார்.

மீன் கிடைத்ததா என்று கேட்பீர்கள். முதல் வாரம் ஒன்றும் இல்லை. இடக்கை எறியப் பழக வேண்டியிருந்தது. இரண்டாம் வாரத்திற் பாறைக்குஞ்சு ஒன்று, கையகலம் இருக்கும். பின்னர்ப் பெரியனவும் கிடைத்தன. வள்ளத்திற் சென்ற காலத்து வருவாய் இப்பொழுது இல்லை. இனி வருதலும் அரிது. ஆனால் அண்டை வீட்டிற்கு எங்கள் வீட்டினின்றும் மீன் செல்கின்றது. அவர்கள் அனுப்பும் மீன் எங்கள் இலைக்கு வரும் நாளில் தந்தையார் குழம்பையே ஊற்றச் சொல்லி உண்கின்றார். கொடுக்கக் கூடிய கைக்கே வாங்குதலும் எளிதாகின்றது போலும்.

அன்பர்களே, ரீல் வாங்க எண்ணுவோர் உங்களுள் சிலரே இருப்பர். எனினும் பேனாவும் மூக்குக்கண்ணாடியும் மிதிவண்டியும் வாங்குவோர் பலர்; பிறர்க்காக வாங்கிக் கொடுப்போரும் பலர். சிறந்தது எது என்று கடையிற் கேட்பதற்கு முன், எந்த வினைக்கு, எந்தக் கைக்கு என்று வீட்டிற் கேளுங்கள். கருவிகளை ஒப்பிட்டுக் காட்டும் அட்டவணை எத்துணை நீண்டதாயினும், பயன்படுத்துவோரின் கை அதில் இடம்பெறுவதில்லை. அதனை நாமே அருகிருந்து பார்த்து அறிதல் வேண்டும்.